கிணற்றில் பாடம் நடத்திய சுலோச்சனா டீச்சர்

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளி மைதானத்தில் கோ-கோ ஆட்டத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. திரையில் சுலோச்சனா டீச்சரின் பெயர். "சொல்லுங்க டீச்சர், சனிக்கிழமை எத்தனை பிள்ளைகன்னுதானே கேக்கப் போறீங்க?" என்று நானே பேச்சை ஆரம்பித்தேன். மறுமுனையில் ஆண் குரல் கேட்டது. அவருடைய கணவர் துளசிராம்.

"நான்தாம்மா பேசுறேன். சுலோ போயிட்டாம்மா. விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னா. ஆட்டோவுல போகும்போதே முடிஞ்சுருச்சு."

எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மீது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. போட்டுக்கொண்டிருந்த கோட்டைப் பார்த்தேன், கோணல்மாணலாகப் போயிருந்தது. சுண்ணாம்பு வாளியை அப்படியே வைத்துவிட்டு, தலைமையாசிரியையிடம் சொல்லிக்கொண்டு மேலூர் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுலோச்சனா டீச்சர் மேலூரில் எங்கள் பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு மதுரையில், வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில். வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுவார், வகுப்பில் சுத்தமான மதுரைத் தமிழ். கணவருக்குச் சுங்குடிச் சேலை வியாபாரம். அதனால் டீச்சர் கட்டிவரும் சேலைகளை ஆசிரியைகள் அறையில் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துப் பார்ப்போம். ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி. அதிர்ந்து பேசமாட்டார். நான் பேச்சியம்மாள், அதே பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. எனக்கு அதிராமல் பேசத் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் எப்படி ஒட்டிக்கொண்டோம் என்று பள்ளியில் பலருக்கும் ஆச்சரியம்தான்.

கணக்கு, அறிவியல் ஆசிரியைகள் விளையாட்டுப் பீரியடைக் கடன் கேட்பது எல்லாப் பள்ளியிலும் நடக்கிற கூத்து. பெயர்தான் கடன், போனது திரும்பி வராது. டீச்சர் புதிதாகச் சேர்ந்த வாரம் என் அறை வாசலில் வந்து நின்றபோது, இவரும் ஆரம்பித்துவிட்டார் என்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன். அவரோ, "பி.டி. டீச்சர், உங்ககிட்ட இருக்கிற இரும்புக் குண்டையும் ஒரு ஃபுட்பாலையும் ஒரு பீரியடுக்குத் தர முடியுமா?" என்று கேட்டார்.

குண்டு எறிதலுக்கு நாங்கள் வைத்திருக்கும் நாலு கிலோ குண்டு அது. இதை வைத்துக்கொண்டு இந்த அம்மா என்ன செய்யப் போகிறார் என்று பின்னாலேயே போனேன். மைதானத்து வேப்ப மரத்தில் இரண்டு நீளக் கயிறுகளைக் கட்டி, ஒன்றில் குண்டையும் மற்றொன்றில் பந்தையும் மஞ்சள் பையில் போட்டுத் தொங்கவிட்டார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். "ரெண்டையும் கயிறு தாங்குது. உங்க கையில கனம் ஏதும் இல்ல. இப்ப ஒத்த விரலால ரெண்டையும் தள்ளுங்க" என்றார்.

பந்து தொட்டதும் ஓடியது. குண்டு அசைய மறுத்தது. அழுத்தித் தள்ளிய பிறகு, பெரிய மனதுபண்ணிக் கொஞ்சம் நகர்ந்தது. நகர்ந்து திரும்பி வந்ததை விரலால் நிறுத்தப்போன பிள்ளை "ஆத்தீ" என்று கையை உதறியது.

"கனத்தைக் கயிறு வாங்கிக்கிச்சு. அப்புறம் எது உன் விரலை எதிர்க்குது?" என்று டீச்சர் கேட்டார். பிள்ளைகள் தங்கள் விரலையே பார்த்துக்கொண்டார்கள். "அதுதான் நிறை. பூமி இழுக்கிற இழுப்புதான் எடை. அதைக் கயிறு தாங்கலாம், தரை தாங்கலாம், நிலாவுக்குப் போனா அது ஆறுல ஒரு பங்காவும் ஆகலாம். நிறை எங்கயும் போகாது. இந்தக் குண்டை நிலாவுல சுளுவாத் தூக்கிரலாம். ஆனா எட்டி உதைச்சா அங்கயும் கால் விரல் உடையும்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எத்தனையோ வருடமாக அந்தக் குண்டைப் பிள்ளைகள் கையில் கொடுத்து வாங்கியவள் நான். அதற்குள் இப்படி ஒரு பிடிவாதம் குடியிருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு அவர் எதைக் கேட்டாலும் கொடுத்தேன். ஒரே ஒரு முறை விளையாட்டுப் பீரியடைக் கேட்டார், அதை மட்டும் மறுத்துவிட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அவருடைய வகுப்பில் முத்துச்செல்வி என்று ஒரு பெண் படித்தாள். மேலூருக்குப் பக்கத்துக் கிராமம். அவளுடைய அம்மா அழகம்மாள் குத்தகைக்கு நெல் போடுகிறவர். அடர்த்தி பாடம் நடந்த அன்று முத்துச்செல்வி எழுந்து, "டீச்சர், எங்கம்மா விதைநெல்லு எடுக்கிறப்ப தண்ணியில உப்பைக் கரைச்சு முட்டையைப் போடும். முட்டை மேல வர வரைக்கும் உப்புப் போடும். அப்புறம் நெல்லைக் கொட்டுனா பதரெல்லாம் மிதக்கும், நல்ல நெல்லு அடியில நிக்கும். அதுவா இது?" என்று கேட்டிருக்கிறாள். டீச்சருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மறுநாள் அழகம்மாளையே பள்ளிக்கு வரவழைத்து, ஆய்வகத்து மேசையில் ஒரு வாளியை வைத்துச் செய்துகாட்டச் சொன்னார். அந்த அம்மா கூச்சப்பட்டுக்கொண்டே செய்தார். முட்டை மேலே வந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"அதே வாளி, ஏறக்குறைய அதே அளவு தண்ணி. உள்ள சரக்கு கூடிருச்சு. அம்புட்டுத்தான் அடர்த்தி" என்றார் டீச்சர். அந்த வருடம் தேர்வில் அந்தப் பாடத்திலிருந்து வந்த கேள்விகளில் முத்துச்செல்வி ஒரு மதிப்பெண்கூட விடவில்லை. மனித உடல் நீரில் மிதக்குமா, ஏன் என்ற கேள்விக்கு அவள் எழுதிய பதிலை டீச்சர் ஆசிரியைகள் அறையில் எங்கள் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார்.

கோடை மழை நன்றாகப் பெய்திருந்த சமயம். எங்கள் பக்கத்தில் கல் வெட்டி எடுத்துவிட்டுப் போன பள்ளங்கள் நிறைய உண்டு. மழை பெய்தால் தண்ணீர் நிறைந்து குளம்போலத் தெரியும். ஆனால் குளத்துக்கு இருக்கிற கரை அதற்குக் கிடையாது. படியும் இல்லை, சரிவும் இல்லை. கேக்கை வெட்டினதுபோலச் செங்குத்தான பாறைச் சுவர். அப்படி ஒரு பள்ளத்தின் விளிம்பில் துணி அலசப்போன முத்துச்செல்வி வழுக்கி உள்ளே விழுந்தாள். ஆட்கள் ஓடிவந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

டீச்சரும் நானும் சாவு வீட்டுக்குப் போனோம். உடன் துணி அலசப்போன பெண் ஒருத்தி அழுதுகொண்டே சொன்னாள். "கை ரெண்டையும் மேல தூக்கித் தூக்கி அம்மா அம்மான்னு கத்துச்சு டீச்சர். தூக்குன ஒவ்வொரு தடவையும் கீழ போயிருச்சு. எங்க யாருக்கும் நீச்சத் தெரியாது."

திரும்பும்போது பேருந்து நிலையத்தில் அவர் பேருந்தில் ஏறவே இல்லை. வருகிற பேருந்துகளையெல்லாம் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, யாரிடமோ பாடம் நடத்துவதுபோல மெதுவாகப் பேசினார்.

"பேச்சி, தண்ணிக்குள்ள இருக்கிற கையைத் தண்ணி தாங்கும். வெளிய எடுத்த கையை யார் தாங்குறது? அந்தக் கனம் பூரா உடம்பைத்தான் கீழ அமுக்கும். கத்தினா நெஞ்சுல இருக்கிற காத்து வெளிய போயிரும். காத்துப் போனா நெஞ்சு சுருங்கும். அதே நிறை, கொள்ளளவு குறைஞ்சிருச்சு. அப்ப அடர்த்தி?"

"கூடும்" என்றேன். அது எனக்கே தெரிந்திருந்தது.

"கூடும்னுதான் அவளும் எழுதினா. ரொம்பச் சரியா எழுதினா. எழுதின கையைத்தான் தூக்கியிருக்கா." கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் சொல்லிக்குடுத்தது பேப்பருக்குப் போயிருக்கு. கைக்குப் போகல. இனிமே என்கிட்ட இந்தப் பாடம் படிச்ச பிள்ளை எதுவும் தண்ணியில சாகக் கூடாது. அதுக்கு வழி பண்ணாம அந்தப் பாடத்தைத் திறக்க மாட்டேன்."

துக்கத்தில் எல்லாரும் ஏதாவது சொல்வோம். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். அடுத்த வாரம் என் அறைக்கு வந்து, "உங்களுக்கு நீச்சல் தெரியுமில்ல? எனக்கு மிதக்கக் கத்துக் குடுங்க" என்று கேட்டார்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. தெப்பக்குளத்துக்குப் பக்கத்திலேயே வாழ்க்கைப்பட்டு வந்தவர், ஒரு நாள்கூட அந்தப் படியில் கால் நனைத்ததில்லை. தண்ணீர் என்றால் அவருக்குப் பயம். சின்ன வயதில் விழுந்ததாகவோ யாரும் செத்ததாகவோ கதை எதுவும் இல்லை. காரணமே இல்லாத, பெரிய பயம். கடலுக்குச் சுற்றுலா போனால் பேருந்திலேயே உட்கார்ந்திருப்பார்.

என் தம்பியின் தோட்டத்தில் பெரிய கிணறு உண்டு. நாலு பக்கமும் கல் கட்டி, அடிவரை படி இறங்கும். சனிக்கிழமை மதியம் ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் வரக் கூடாது என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். டீச்சர் சுடிதாரில் வந்தார். அந்த உடையில் நான் அவரைப் பார்த்தது அன்றுதான் முதல் முறை. இடுப்பளவு படிவரை இறங்குவதற்கே இரண்டு சனிக்கிழமை ஆனது. பல்லைக் கடித்துக்கொண்டு, என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினார்.

எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க, காலியான எண்ணெய் கேனை முதுகில் கட்டி உள்ளே விடுவோம். கை காலை அடித்துப் பழகுகிற பிள்ளைக்கு அது சரி. ஊர் வழக்கப்படியே நானும் டீச்சரின் முதுகில் கேனைக் கட்டி, "மல்லாந்து படுங்க" என்றேன். படுத்தார். அடுத்த நொடி கேன் அவரைக் குப்புறப் புரட்டிப் போட்டுவிட்டது. வாரி எடுத்துப் படியில் உட்கார வைத்தேன். தண்ணீரைக் குடித்து, இருமி, கண்ணெல்லாம் சிவந்துபோய் இருந்தார். இன்றோடு இவருக்கு இந்த ஆசை போயிற்று என்று நினைத்தேன்.

இருமல் அடங்கியதும் அவர் சிரித்தார். "கேன் மேலதான் வரப் பார்க்கும். அது முதுகுல இருக்கு. அது மேல வரணும்னா நான் கீழ போகணுமில்ல? அது அதோட வேலையைச் சரியாப் பார்த்துச்சு, நாமதான் தப்பாக் கட்டிட்டோம்." தலைமுறை தலைமுறையாகக் கிணற்றில் குதிக்கிற குடும்பத்தில் பிறந்த எனக்கு இது தோன்றவே இல்லை. மறுவாரம் இரண்டு கேன் கொண்டுவந்து, இரண்டு கக்கத்திலும் ஒவ்வொன்றாகக் கட்டச் சொன்னார். அதன் பிறகு அவர் புரளவில்லை.

அடுத்து அவர் கண்டுபிடித்த வழியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் அடைத்துப்போகும்.

"அஞ்சு லிட்டர் கேன் அஞ்சு கிலோ கனத்தைத் தாங்கும். உள்ள ஒரு லிட்டர் தண்ணி ஊத்திட்டா நாலு கிலோதான் தாங்கும். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக்கிட்டே வாங்க. எவ்வளவு ஊத்தினீங்கன்னு என்கிட்ட மட்டும் சொல்லக் கூடாது. இடுப்பளவு தண்ணியில நின்னதும் கண்ணை மூடிக்கிறேன், அப்புறம் கட்டுங்க. மனுஷ உடம்பு மிதக்கும்னு என் மூளைக்குத் தெரியும் பேச்சி. உடம்புக்குத்தான் தெரியாது. அதுக்குத் தெரியாமலே அதுக்குப் பாடம் எடுக்கணும்."

அப்படியே செய்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கைகளைத் தண்ணீருக்குள்ளேயே விரித்துப் படுப்பார். என் உள்ளங்கையை அவர் முதுகுக்குக் கீழே வைத்திருப்பேன். வாரங்கள் போகப் போகக் கேனில் தண்ணீர் ஏறியது. ஒரு சனிக்கிழமை இரண்டு கேனையும் வாய்வரை நிரப்பி மூடி, அவர் கக்கத்தில் கட்டினேன். அவர் படுத்தார். என் கையையும் மெதுவாக எடுத்துவிட்டேன். அவர் மிதந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டேன். டீச்சர் எப்போதும்போலப் படுத்திருந்தார். பிறகு என் பக்கமாக உடம்பைத் திருப்ப முயன்றார். திரும்பவில்லை. இன்னொரு முறை முயன்றார். எழுந்து, படியைக் காலால் தடவி நின்று கண்ணைத் திறந்தார்.

"கேன் நிறைஞ்சிருக்கா?"

"எப்படித் தெரியும் டீச்சர்?"

"படுத்திருக்கும்போது கனமே இல்ல. திரும்பினா மட்டும் வர மாட்டேங்குது. வேப்ப மரத்துல கட்டின குண்டு மாதிரி பிடிவாதம் பண்ணுது. எடையைத் தண்ணி தாங்கிருச்சு, நிறை அங்கேயேதான் இருக்கு." வாத்தியார் புத்தி அந்த நேரத்திலும் அவரை விடவில்லை. சட்டென்று பேச்சை நிறுத்தினார். முகம் மாறியது. "அப்ப இவ்வளவு நேரம் கேன் என்னைத் தாங்கல."

"இல்ல டீச்சர்."

"உங்க கை?"

"அதையும் எடுத்துட்டேன்."

இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். முத்துச்செல்வி செத்த அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இவ்வளவு சுளுவா இருக்கு. அந்தப் பிள்ளைக்கு இவ்வளவுதான் தேவைப்பட்டுச்சு" என்றார்.

பிள்ளைகளை இறக்குவது அதைவிடப் பெரும்பாடாக இருந்தது. பள்ளியின் பெயரில் செய்ய முடியாது, பெற்றோர் சம்மதித்துத் தாங்களே கூட்டிவந்தால் அது உங்கள் பாடு என்று அப்போதிருந்த தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அதில் தவறொன்றும் இல்லை. சேதி பரவியதும் சில அம்மாக்கள் சண்டைக்கே கிளம்பி வந்தார்கள். வாக்குவாதம் கிணற்றடியிலேயே நடந்தது. "பாடம் படிக்க அனுப்புனா, வயசுக்கு வந்த பிள்ளைகளக் கிணத்துல தள்ளப் பாக்குறீகளே, உங்களுக்கே நல்லாருக்கா?" என்று ஒரு அம்மா எகிறினார். நான் பதிலுக்கு எகிற வாயைத் திறந்தேன். டீச்சர் என் கையை அழுத்திவிட்டுப் படியில் இறங்கினார்.

அன்று கேன் எதுவும் இல்லை. படுத்தபடியே காலை உதைத்து நடுக்கிணறுவரை போய் மல்லாந்து கிடந்தார். மூச்சை இழுத்து நிறுத்தினார். முகமும் நெஞ்சும் மேலே வந்து நின்றன. மூச்சை முழுக்க விட்டார். உடம்பு மெல்லக் கீழே இறங்கியது. மேலே நின்ற பெண்கள் "ஐயோ" என்றார்கள். உதைத்து முகத்தை மேலே கொண்டுவந்து மறுபடி இழுத்தார், நிலைத்து நின்றார். பிறகு வேண்டுமென்றே இரண்டு கையையும் வானத்தைப் பார்த்துத் தூக்கினார். முகம் தண்ணீருக்குள் போனது. கையை உள்ளே இறக்கினார், முகம் வெளியே வந்தது. பேசினால் மூச்சுப் போகும் என்பதால் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தனை வருடத்தில் வாயைத் திறக்காமல் அவர் நடத்திய ஒரே பாடம் அதுதான். அதைப்போல ஒரு பாடத்தை நான் பார்த்ததே இல்லை. ஐம்பதைத் தொடப்போகிற, கண்ணாடி போடாவிட்டால் படி தெரியாத ஒரு பெண்மணி, ஆழக் கிணற்றின் நடுவில், தன் மூச்சால் தன் உடம்பை ஏற்றி இறக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். எகிறிக்கொண்டு வந்த அம்மா கிணற்று விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கூட்டத்துக்குப் பின்னால் அழகம்மாள் நின்றிருந்ததை அதுவரை நான் கவனிக்கவில்லை. முத்துச்செல்வி போன பிறகு அவர் எங்கேயும் வெளியே வருவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். முன்னால் வந்து, "இறக்குங்கத்தா பிள்ளைகள. எம்பிள்ளைக்கு இதப் பத்தி எழுதத் தெரிஞ்சுச்சு. இப்படிப் படுக்கத் தெரியல" என்றார். அதற்குமேல் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

அன்று தொடங்கியது. ஒவ்வொரு வருடமும் ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பாடம் முடிந்த பிறகு வருகிற சனிக்கிழமைகளில், அம்மாக்கள் மேலே நிற்க, பிள்ளைகள் நான்கு நான்கு பேராக இறங்குவார்கள். "கை உள்ள, மூச்சு உள்ள" என்பதுதான் டீச்சர் சொல்லும் மந்திரம். நீச்சல் நான் கற்றுத்தருவேன், ஆனால் அது பிறகுதான். மிதக்கிற பிள்ளைக்கு ஆள் வருகிறவரை நேரம் இருக்கிறது என்பார். அழகம்மாள் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. விளிம்பில் நின்று இறங்கிய தலைகளையும் ஏறிய தலைகளையும் எண்ணிக்கொண்டே இருப்பார். ஆனால் ஒரு படிகூடக் கீழே இறங்க மாட்டார். வீட்டில் குளிக்கும்போதுகூடத் தொட்டித் தண்ணீரைப் பார்க்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்வார் என்று அவருடைய நாத்தனார் சொன்னார். நாங்களும் அவரைக் கூப்பிட்டதில்லை.

கலைவாணி என்கிற பெண் ஆடு மேய்க்கப் போன இடத்தில் ஒரு கல் பள்ளத்துக்குள் விழுந்தது இதற்கெல்லாம் சில வருடங்கள் கழித்து. மேலே நின்ற அவள் தம்பி ஊருக்குள் ஓடி ஆட்களைக் கூட்டிவந்து கயிறு போடுகிறவரை மல்லாந்து கிடந்திருக்கிறாள். தகவல் கேட்டு டீச்சரும் நானும் அவள் வீட்டுக்கு ஓடினோம். பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுவார் என்று நினைத்தால், அவர் பாயில் உட்கார்ந்து, "கையை வெளிய எடுத்தியா?" என்று கேட்டார்.

"ஒரு தடவை எடுத்துட்டேன் டீச்சர். தம்பியக் கூப்பிடலாம்னு. வாயில தண்ணி போயிருச்சு. உடனே உள்ள விட்டுட்டேன். கத்தணும்னு நெஞ்சு கெடந்து தவிச்சுச்சு. மூச்ச விடல."

டீச்சர் அவள் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விரல் விரலாகத் தடவிப் பார்த்தார். "கைக்கு வந்துருச்சு" என்று மட்டும் என்னிடம் சொன்னார். அந்த வீட்டிலிருந்து வெளியே வரும்போது என் கால் தரையில் பாவவில்லை. புத்தகத்தில் நாலு வரியாக இருக்கிற ஒரு விதி, ஒரு பெண்ணைப் பிடித்துத் தண்ணீருக்கு மேலே வைத்திருந்திருக்கிறது. அதை அவளுடைய உடம்புக்குள் கொண்டுபோய் வைத்தவர் என்னோடு மேலூர்ப் பேருந்துக்கு வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார். வீட்டுக்குப் போய்ச் சப்பாத்திக்கு மாவு பிசைய வேண்டும் என்றார்.

ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமைகளில் மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறி வந்துவிடுவார். இறப்பதற்கு மூன்று நாள் முன்னால் வந்த சனிக்கிழமையும் வந்திருந்தார். பிள்ளைகள் இறங்குவதற்கு முன்னால் முதலில் அவர்தான் இறங்கிப் படுத்துக் காட்டுவார்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். நான் மேலூர் நிலையத்துக்குப் போனபோது அழகம்மாள் அங்கே நின்றிருந்தார். யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. ஒரே பேருந்தில் ஏறி வண்டியூருக்குப் போனோம். வீட்டில் டீச்சரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவர்கள் மொழியில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். சொல் புரியவில்லை, அழுகை புரிந்தது.

துளசிராம் அண்ணன் எங்களை அடையாளம் கண்டு வெளியே வந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல், "எவ்வளவு தைரியமான மனுஷி அண்ணே. பயந்து பயந்து இறங்குனவுக, எப்படி மாறிட்டாங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "எங்கம்மா மாறினா? உங்ககிட்டச் சொல்லலையா? அவளுக்குக் கடைசி வரைக்கும் தண்ணின்னா பயம்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட மாட்டா. மறுநாள் கிணத்துல இறங்கணுமேன்னு வயித்தைப் புரட்டும். போகாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நான் பயந்துகிட்டே படுத்தாலும் தண்ணி தாங்கத்தான் செய்யுதும்பா. எல்லா வெள்ளிக்கிழமையும் இதே கதைதாம்மா."

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கிணற்றில் இத்தனை வருடம் நான் அவர் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன். பயம் போய்விட்டதால் இறங்குகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் முதல் நாளின் அதே பயத்தோடுதான் அவர் இறங்கியிருக்கிறார். அதைப் பிள்ளைகளும் அறியவில்லை, நானும் அறியவில்லை. இப்படிப்பட்ட ஒருவரோடு ஒரே அறையில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்திருக்கிறேன் என்பதே எனக்குப் பெருமையாகவும் பிரமிப்பாகவும் இருந்தது.

அழகம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். உள்ளே போய் டீச்சரின் காலடியில் உட்கார்ந்தார். அழவில்லை. தூக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் என்னிடம் வந்து, "சனிக்கிழமை பிள்ளைக வருவாகளா டீச்சர்?" என்று கேட்டார்.

"வரச் சொல்லியிருக்கு. இனி எப்படின்னு தெரியலக்கா. முதல்ல இறங்கிக் காட்ட ஆள் வேணும்ல. நான் நீச்சக்காரி, நான் படுத்தா எந்தப் பிள்ளையும் நம்பாது."

"நான் இறங்குறேன்" என்றார்.

இதை நான் எழுதுவது ஞாயிற்றுக்கிழமை. நேற்று பிள்ளைகள் வந்தார்கள், அவர்களுடைய அம்மாக்கள் வந்தார்கள். அழகம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார். அங்கேயே வெகுநேரம் நின்றார். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்த படி, அதற்கடுத்த படி. அவர் நடுங்கியது தண்ணீரில் தெரிந்தது. இடுப்பளவு வந்ததும் கண்ணை மூடினார். பிள்ளையைத் தின்ற தண்ணீரில் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, கைகளை உள்ளேயே விரித்து, மல்லாந்து படுத்தார்.

தண்ணீர் அவரைத் தாங்கியது.

பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராகப் படியில் இறங்கத் தொடங்கினார்கள்.

டீச்சர், நேற்று எல்லாப் பிள்ளைகளும் மிதந்தார்கள். எண்ணிப் பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்பினோம். இனி எந்த வெள்ளிக்கிழமையும் உங்களுக்கு வயிற்றைப் புரட்டாது. நிம்மதியாக இருங்கள்.